மூன்றே முக்கால் கிலோமீற்றர்

எங்கள் கரையில் கரைவலைகள் ஏழு. வாரத்தில் நாட்களும் ஏழு. இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த முன்னோர்கள் அதோடு கணக்கை மூடிவிட்டுப் படுத்துவிட்டார்கள். வலை வளைக்கத் தோதான கடல் துண்டு, நாங்கள் பாடு என்பது, ஒன்றுதான் இருக்கிறது. அதில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். வெள்ளிக்கிழமை முஸ்லிம்கள் வலை போடமாட்டார்கள் என்பதால் வெள்ளி பெலிசியனுக்கு. ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் ஞாயிறு ஹிஸ்புல்லா நானாவுக்கு. என் மாமா மீராசாஹிபுக்குச் செவ்வாய்.

போன வருடம் வளைகுடாவின் மறுமுனையில் உள்ள முகாமில் சுடுபயிற்சி தொடங்கியது. கடலைப் பார்த்துத்தான் சுடுவார்கள். சுடும் நாளில் சிவப்புக் கொடி ஏறும். கொடி ஏறினால் எங்கள் வலைப்பாட்டில் வள்ளம் இறக்கக் கூடாது. மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லை, வாரத்தில் ஒரேயொரு நாள்தான் என்று அறிவித்தலில் பணிவாக எழுதியிருந்தார்கள். அந்த ஒரேயொரு நாள் செவ்வாய்.

ஆக மாமாவிடம் வலை இருந்தது, வள்ளம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், நாள் மட்டும் இல்லை. செவ்வாய்தோறும் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கரைக்குப் போய்க் கொடியைப் பார்ப்பார். கொடி இருக்கும். கரையோரக் குடிலான வாடிக்குள் போய் உட்காருவார். எழும்பி வந்து மறுபடி பார்ப்பார். அவர் உள்ளே இருந்த நேரத்தில் யாராவது மனம் மாறியிருக்கலாம் என்ற நம்பிக்கை. கச்சான் காற்று ஓய்ந்து நல்ல கடல் விழுந்த பிறகு இந்த நடமாட்டம் கூடிவிட்டது. செவ்வாய் தவிர்ந்த நாட்களில் மற்றவர்களின் வலை மடியில் சூடை மீனும் பாரை மீனும் துள்ளுவதை எட்ட நின்று பார்த்துவிட்டு வந்து, மாமியின் சமையலில் பிழை கண்டுபிடிப்பார்.

நாளை மாற்றச் சொல்லி முகாமுக்குப் போனார். மேலிடத்து உத்தரவு என்றார்கள். சம்மாட்டிகளிடம் போனார். எல்லாரும் வாரத்துக்கு வாரம் ஒரு நாள் தள்ளிப் போட்டால் இழப்பு எல்லாருக்கும் மாறி மாறி வரும்தானே என்று கேட்டார். ஹிஸ்புல்லா நானா கண்ணை மூடிக்கொண்டு, "அது அல்லாஹ் எழுதின ஒழுங்கு மீரா. அதில நாம கை வைக்கிறதா?" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்காரருக்கு ஈமான் எப்போதும் கொஞ்சம் கூடத்தான்.

இந்தக் கட்டத்தில் பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் வந்து என்னை வீட்டுக்கு அனுப்பியது. பையை இறக்கி வைப்பதற்குள் மாமா வந்துவிட்டார்.

"நீ பௌதிகம்தானே படிக்கிற?"

"ஓம் மாமா."

"அப்ப செல்லு. அந்த முகாமிலேருந்து சுட்டா எங்கட பாட்டுக்கு வருமா?"

மூன்று வருட இலவசக் கல்வியில் என்னிடம் யாரும் கேட்ட முதல் பிரயோசனமான கேள்வி அது. போனில் வரைபடத்தைத் திறந்து அளந்தேன். முகாமிலிருந்து பாடு வரைக்கும் மூன்றே முக்கால் கிலோமீற்றர். பிறகு கொப்பியை எடுத்தேன். துப்பாக்கிச் சன்னத்தின் வேகத்தைத் தேடி எடுத்து, அதன் வர்க்கத்தை ஒன்பது தசம் எட்டால் வகுத்தேன். தொண்ணூறு கிலோமீற்றர் வந்தது.

"தொண்ணூறா?"

"ஓம் மாமா. அநுராதபுரத்தத் தாண்டிப் போகுது."

மாமா கொப்பியை எட்டிப் பார்த்தார். "அப்ப செவ்வாய்க்கிழமை அநுராதபுரத்தையும் மூடியிரிக்கணுமே. மூடியிரிக்கா?"

மாமாவின் மகள் இல்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "இவரு கணக்குப் போட்டா சன்னம் திரும்பி முகாமுக்கே வந்திடும் வாப்பா, கவனம்" என்றாள்.

பிழை என்னுடையதல்ல, பாடத்திட்டத்தினுடையது. ஐந்தாறு வருடமாக எங்கள் வினாத்தாள் ஒவ்வொன்றிலும் 'வளித்தடையைப் புறக்கணிக்க' என்று ஒரு வரி இருக்கும். நானும் விசுவாசமாகப் புறக்கணித்து வந்தேன். ஆனால் சன்னம் வினாத்தாள் வாசிப்பதில்லை. அது காற்றுக்குள்ளால்தான் போக வேண்டும். காற்றைக் கணக்கில் சேர்த்தால் தொண்ணூறு கிலோமீற்றர் சுருங்கி மூன்றுக்கு வந்து நிற்கிறது. மிச்ச எண்பத்தேழையும் காற்று தின்றுவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று இரவு காற்றைப் பற்றி ஒரு மரியாதை வந்தது. கல்பிட்டிக் கரையில் பிறந்தவனுக்கு அது முன்னமே வந்திருக்க வேண்டும்.

தோட்டாக்களைப் பற்றி அறிய நான் போன ஆள் கிளைட்டன். பெலிசியனின் மகன். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்துக் கதிரை. துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் போனில் விளையாடும் சண்டை விளையாட்டில் இவனுடைய படையணி தோற்றதில்லை.

"மூண்டு சாதி இருக்கு மச்சான்" என்றான் வாடிக்கு வெளியே வலையில் சாய்ந்துகொண்டு. "சின்னன், கட்டை, நெட்டை."

சின்னன் என்பது 5.56 × 45. முதல் எண் சன்னத்தின் அகலம், இரண்டாவது மருந்து அடைத்த கோதின் நீளம், எல்லாம் மில்லிமீற்றரில். பெயரிலேயே அளவைப் போட்டுக்கொண்டு அடையாள அட்டையோடு திரிகிற சாமான். சன்னம் நாலு கிராம்தான், ஆனால் செக்கனுக்குத் தொளாயிரம் மீற்றருக்கு மேல் பாயும். கட்டை என்பது 7.62 × 39. இரண்டு மடங்கு பாரம், வேகம் எழுநூறு சொச்சம். கிட்டத்தில் பலமாக அடிக்கும், தூரம் போகப் போக மூக்குக் குத்தி விழும். சின்னன் நேராகப் போகும், ஆனால் எடை இல்லாததால் காற்று அதை லேசில் களைக்கப் பண்ணிவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டுமே மூன்று கிலோமீற்றர் தூரத்துக்குள் கடலில் விழுகின்றன. பாடு மூன்றே முக்காலில்.

"அப்ப முடிஞ்சு" என்றேன். "ரெண்டும் வராது. ரெண்டையும் போட்டு ஒரு அட்டவணை அடிப்பம்."

"நெட்டையப் போடாம என்ன ஒப்பீடு?" கிளைட்டனுக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. "7.62 × 51. கட்டையிட அகலம், ஆனா கோது நீளம், மருந்து கூட. ஒன்பதரைக் கிராம், எண்ணூற்றி நாப்பது. நாலு கிலோமீற்றர் தாண்டும் மச்சான். அதுதான் ராசா. ராசா இல்லாம அட்டவணை போட்டா பாக்கிறவன் சிரிப்பான்."

எங்கள் ஆய்வுகூடத்திலும் மூன்றுக்குக் குறைந்த வாசிப்புகள் உள்ள அட்டவணையை விரிவுரையாளர் திருப்பி எறிந்துவிடுவார். இரண்டு பேருக்கும் நியாயமாகப் பட்டது. பெரிய டிமைத் தாள் வாங்கி, மூன்று வளைகோடுகளை மூன்று நிறத்தில் வரைந்தோம். நெட்டைக்குக் கிளைட்டன் சிவப்புக் கொடுத்தான்.

வீட்டில் உம்மா மட்டும் இந்த ஆராய்ச்சியை ஆதரிக்கவில்லை. அந்த ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு எங்கள் வீட்டைச் சோதனை போட்டபோது அகப்பட்ட ஒரே ஆயுதம் தேங்காய் வெட்டும் கத்தி. அதற்கே வாப்பா ஒரு பகல் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது மகனின் போனில் தோட்டாவை நெடுக்காக வெட்டிய படம். உம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"இந்த வயசுப் பொடியன்மார் பாக்கிற வேற படங்கள் இரிக்கிதானே மகன். அதைப் பாரு. உம்மா ஒண்டும் செல்ல மாட்டேன்."

எனக்கும் அதற்குப் பிறகு நித்திரை சரியில்லை. வீதியில் முச்சக்கரவண்டி வேகம் குறைத்தால் எழும்பி உட்கார்ந்தேன். போனில் தேடல் வரலாற்றை அழித்தேன். அழித்ததே சந்தேகமாக இருக்குமோ என்று 'வெங்காயச் செய்கை', 'உயர்தர மீட்டல்' என்று சில அப்பாவித் தேடல்களைப் போட்டு நிரப்பினேன்.

முகாமில் எங்களைச் சந்தித்த லெப்டினனுக்கு என்னை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சிங்களத்தில் மரியாதையாக உட்காரச் சொன்னார். டிமைத் தாளை மேசையில் விரித்தேன். அது சுருண்டது. ஒரு மூலையில் மாமா கையை வைத்தார், ஒரு மூலையில் லெப்டினன் தேநீர்க் கோப்பையை வைத்தார். நான் கதைத்தேன். வளித்தடை பற்றிப் பேசும்போது காற்றே வரவில்லை.

அவர் தாளின் மேல் குனிந்து மூன்று கோடுகளையும் பார்த்தார்.

"இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும்?"

நான் வெங்காயச் செய்கையை நினைத்துக்கொண்டு, "பௌதிகம், சேர்" என்றேன்.

அவர் அலுமாரியைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைத் தேடி, என் வளைகோடுகளில் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மாமா கதிரையின் நுனிக்கு வந்து, பின்னால் போய், மறுபடி நுனிக்கு வந்தார்.

"சரிதான்" என்றார் லெப்டினன். "சின்ன ரெண்டும் உங்கட இடத்துக்கு வராது. ஆனா செவ்வாய்க்கிழமை நாங்க இதையும் சுடுறோம்." விரல் சிவப்புக் கோட்டில் நின்றது. "இயந்திரத் துப்பாக்கிக்கு இதுதான். இது வரும். அதனாலதான் மூடினது."

மாமாவுக்குச் சிங்களம் என்னை விட நன்றாக விளங்கும். என் முகத்தைப் பார்க்காமல் சிவப்புக் கோட்டைப் பார்த்தார், அது தன் வீட்டு வாசலில் வந்து விழுந்தது போல.

லெப்டினன் புத்தகத்தை மூடினார். அவர் நல்ல மனிதர். வந்த வினையெல்லாம் அதனால்தான். "இப்படிச் செய்யலாம். நாளை மாத்த ஏலாது, ஆனா பயிற்சியைப் பிரிக்கலாம். சின்ன ரெண்டையும் செவ்வாய் சுடுறோம், நீங்க வலை போடலாம். பெரியதைத் தனியா இன்னொரு நாள் வைக்கிறோம். வெள்ளிக்கிழமை சரிதானே? வெள்ளி உங்கட ஆக்கள் கடலுக்குப் போறதில்லையே."

வெள்ளி பெலிசியனுடையது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே மாமாவின் செருப்பு என் பாதத்தின் மேல் வந்து அமர்ந்தது. முழுப் பாரத்தோடு.

"ஹரி" என்று சிங்களத்தில் சம்மதம் சொன்னார் மாமா. "ஹரி, ஹரி."

திரும்பி வரும் வழியில் முச்சக்கரவண்டியில் மாமா நிலைகொள்ளவில்லை. ஒரு பக்கம் எட்டிப் பார்த்தார், மறுபக்கம் எட்டிப் பார்த்தார். நுரைச்சோலை மின்நிலையத்துப் புகைக்கூண்டை இன்றுதான் கண்டவர் போல வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"நான் பொய் செல்லேல்ல."

"ஓம் மாமா."

"அவரு கேட்டது எங்கட ஆக்கள் போறாங்களா எண்டு. எங்கட ஆக்கள் போறேல்லதானே."

"போறேல்ல மாமா."

"பொறகென்ன?"

நான் செருப்பைக் கழற்றிக் காலைத் தடவினேன். கால் விரல் வலித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கொடி ஏறியது. பெலிசியன் கரைக்கு வந்து, கொடியைப் பார்த்து, முகாமில் விசாரித்து, புதிய ஒழுங்கையும் அதற்கான காரணத்தையும் டிமைத் தாளின் புகழையும் அறிந்துகொண்டு, ஜும்ஆத் தொழுகை முடிந்து மாமா வாடிக்கு வரும்வரை காத்திருந்தார். சத்தம் போடவில்லை. "மீரா, உன்ட செவ்வாயில ஒண்டு விட்ட ஒண்டு எனக்குத் தா. இழப்பை ரெண்டு பேரும் பிரிப்பம்" என்றார். மாமா போன வருடம் வீடு வீடாகப் போய்க் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "அது அல்லாஹ் எழுதின ஒழுங்கு பெலிசியன்" என்றார்.

"அப்படியோ" என்று சொல்லிவிட்டு பெலிசியன் எழும்பிப் போனார்.

அன்று பின்னேரம் கிளைட்டன் என்னைத் தன் படையணியிலிருந்து நீக்கினான். ஒரேயொரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தான்: சிவப்பு நிறம் நான்தானே தந்தது.

செவ்வாய் வந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. கொடி ஏறியிருந்தது, ஆனால் இப்போது அது எங்களுக்கல்ல. மாமா புதுச் சாரம் உடுத்திருந்தார். வள்ளம் வடக்குக் கயிற்றைக் கரையில் விட்டுப் போய், வலையை வட்டமாக இறக்கி, தெற்குக் கயிற்றின் நுனியோடு மறுபக்கத்தில் கரையேறியது.

கரைவலையை இரண்டு பக்கமும் ஒன்றாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் வலை கோணி மீன் வெளியே போய்விடும். எந்தச் சம்மாட்டியிடமும் இரண்டு கயிற்றுக்கும் போதிய ஆட்கள் இல்லை. மாமாவின் தெற்குக் கயிற்றை எப்போதும் இழுப்பது பெலிசியனின் ஆட்கள், பிடிபாட்டில் பங்குக்கு. ஒரு வருடமாகச் செவ்வாயே இல்லாததால் இது யாருடைய ஞாபகத்திலும் இருக்கவில்லை. பெலிசியனுடைய ஞாபகத்தில் இருந்தது.

அவருடைய ஆட்கள் வந்திருந்தார்கள். கயிற்றை வாங்கினார்கள். இடுப்பில் சுற்றினார்கள். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்து, பாணும் சம்பலும் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

வடக்குப் பக்கம் இழுக்க, மிதப்புகளின் வளைவு மெல்லச் சரிந்தது. மாமா வடக்கிலிருந்து தெற்குக்குப் பாதி தூரம் ஓடினார், திரும்பி ஓடினார். "இழுக்க வேணாம், நில்லுங்க" என்றார். நின்றார்கள். நீரோட்டம் நிற்கவில்லை. மாமா என்னை அனுப்பினார்.

"மாமா கேக்கிறார், ஏன் இழுக்கிறீங்க இல்லயெண்டு" என்றேன் பெலிசியனிடம்.

"பிடிச்சுக்கொண்டுதானே தம்பி இருக்கிறம்."

"இழுக்கவும் வேணுமாம்."

"எங்கட ஆக்கள் செவ்வாய்க்கிழமை இழுக்கிறேல்ல. எழுதின ஒழுங்கு" என்றார் பெலிசியன். பாண் துண்டு ஒன்றை எனக்கும் நீட்டினார்.

அந்த நேரத்தில் மறுமுனையில் சுடத் தொடங்கினார்கள். டப் டப் டப் என்று, தூரத்தில் யாரோ பாய் தட்டுவது போல. கரையில் நின்ற அத்தனை பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள்.

"சின்னன்" என்றான் கிளைட்டன். என்னிடம் அல்ல, கடலிடம்.

"மூண்டு கிலோமீற்றர்தான்" என்றேன். நானும் கடலிடம்தான். கணக்குப் போட்டவன் நான். இருந்தும் என் தோளும் இறங்கவில்லை.

மாமாவே நடந்து வந்தார். வரும் வழியில் இரண்டு முறை நின்று வலையைப் பார்த்தார். மிதப்புகளுக்கு உள்ளே தண்ணீர் கறுத்து, ஒரு இடத்தில் கொதிப்பது போலத் துடித்தது. கூட்டம் இருந்தது. சரிந்த பக்கத்தில் ஒன்றிரண்டு ஏற்கெனவே வெளியே பாய்ந்து வெள்ளியாய்த் தெரிந்தன.

"பெலிசியன்" என்றார் மாமா. "அடுத்த செவ்வாய் நீ போடு."

"அதுக்கடுத்தது?"

"எனக்கு. பொறகு உனக்கு. மாறி மாறி."

பெலிசியன் விரல்களைத் துடைத்தார். "இண்டைக்கு யாரிட நாள்?"

"வலை என்ட வலை."

"வலை உன்ட. நாளைக் கேக்கிறன்."

டப் டப் என்றது. மாமா கடலைப் பார்த்தார், முகாமைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். என்னிடம் இதற்கு அட்டவணை இருக்கவில்லை.

"பிடிபாட்டில பாதி உனக்கு" என்றார். சொல்லும்போது சன்னம் காற்றில் களைத்துப் போகிற மாதிரித்தான் குரல் போனது.

பெலிசியன் எழும்பினார். அவர் எழும்பியதும் எல்லாரும் எழும்பினார்கள். கயிறு இறுகியது. நான் கிளைட்டனுக்குப் பின்னால் போய்ப் பிடித்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் ஒரு காலடி முன்னுக்குப் போய் இடம் விட்டான். வளைவு மெல்ல நிமிர்ந்தது.

வீதிப் பக்கமிருந்து ஹிஸ்புல்லா நானா மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். நடந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"செவ்வாயை ரெண்டாக்கிட்டீங்களாமே" என்றார். "ஒழுங்கை மாத்துறது நல்லதில்ல மீரா. இண்டைக்கு உங்கட நாள், நாளைக்கு என்ட ஞாயிறுக்கும் வருவீங்க."

மாமா கயிற்றை விடாமல் குரலை உயர்த்தினார். "மகன், நெட்டையை விடப் பெருசு ஏதும் இரிக்கா?"

எனக்கு முன் கிளைட்டன் பதில் சொன்னான். "பன்னிரண்டு தசம் ஏழு. ஆறரைக் கிலோமீற்றர் போகும் மாமா."

"அது அட்டவணையில இல்லையே."

"டிமைத் தாள்ல இன்னும் இடம் இரிக்கி" என்றேன்.

"லெப்டினன் நல்ல மனிசன்" என்றார் மாமா பொதுவாக. "அதுக்கும் தனியா ஒரு நாள் வேணும்தானே. ஞாயிற்றுக்கிழமை எங்கட ஆக்கள் பூசைக்குத்தானே போறது எண்டு பெலிசியன் செல்லிக் கேட்டா, கேப்பார்."

பெலிசியன் சிரிக்கவில்லை. "ஓம், கேப்பார்" என்றார்.

ஹிஸ்புல்லா நானா மோட்டார்சைக்கிளின் சாவியைக் கழற்றினார். மறுமுனையில் சத்தம் மாறியது. டப் டப் போய், கனமாக, இடைவெளி விட்டு விட்டு வந்தது. கட்டை. அவர் சாரத்தை மடித்துக் கட்டினார், யாரும் கேளாமலே இறங்கி வந்து என் பின்னால் கயிற்றைப் பிடித்தார்.

"மாறி மாறி எண்டா" என்றார் இழுத்துக்கொண்டே, "ஏழு பேருக்கும் எப்படி வரும்? ஒருக்காக் கணக்குப் போட்டுப் பாரு மகன்."

வலையின் மடி இன்னும் கரைக்கு வரவில்லை.